எடுக்கலாம், காட்டத்தான் கூடாது

வியாசர்பாடியில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி. இரட்டைக் கட்டிலுக்குப் போடும் வெள்ளை பெட்ஷீட் ஒன்றைத் தண்ணீர் டேங்குக்கும் டிஷ் ஆன்டெனா கம்பிக்கும் நடுவே இழுத்துக் கட்டியிருந்தோம். காற்று அடிக்கும்போதெல்லாம் துணி உப்பும். படத்தில் இருப்பவர்களின் முகமும் கூடவே வீங்கும். இரண்டு செங்கல்லைக் கீழ் ஓரத்தில் முடிந்து தொங்கவிட்ட பிறகுதான் முகங்கள் ஒழுங்காக நின்றன. ஓடியது ஈரான் நாட்டுப் படம். பேச்சு பாரசீகம், சப்டைட்டில் ஆங்கிலம். வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது ஓடும் வேகத்துக்குப் படிக்க வராது. அதனால் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் ஸ்பீக்கர் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் நம்ம ஊர்த் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

படம் ஜாஃபர் பனாஹியின் ‘டாக்ஸி’. 2010-இல் ஈரான் அரசு அவரைப் பிடித்து, 6 ஆண்டு சிறை என்றது. அதோடு 20 ஆண்டுகளுக்குப் படம் எடுக்கக் கூடாது, திரைக்கதை எழுதக் கூடாது, பேட்டி கொடுக்கக் கூடாது, நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றும் தீர்ப்பு. அந்த மனிதர் ஒரு டாக்ஸியின் முன்பக்கத்தில் சிறு கேமராவை வைத்துக்கொண்டு தெஹ்ரான் தெருக்களில் வண்டி ஓட்டுகிறார். ஏறுகிறவர்கள் பேசுகிறார்கள். அவ்வளவுதான் படம். 2015-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது அதற்குக் கிடைத்தபோது அவரால் போக முடியவில்லை. படத்தில் நடித்த அவருடைய உடன்பிறந்தவரின் மகள், பள்ளிக்கூடச் சிறுமி ஹனா, மேடையேறி வாங்கிக்கொண்டாள்.

அன்று மாடியில் அதிகம் பேசப்பட்ட காட்சியும் அந்தச் சிறுமியுடையதுதான். பள்ளியில் ஒரு குறும்படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ‘வெளியிடத் தக்க படம்’ எப்படி இருக்க வேண்டும் என்று டீச்சர் கொடுத்த விதிகளை நோட்டிலிருந்து வாசிக்கிறாள். பெண்கள் தலையை மூட வேண்டும். ஆணும் பெண்ணும் தொடக் கூடாது. நல்லவன் கழுத்தில் டை இருக்கக் கூடாது. அசிங்கமான நிஜத்தைக் காட்டக் கூடாது. நிஜம் எது, அசிங்கமான நிஜம் எது என்று அவளுக்குப் புரியவில்லை. தம்பி அந்த வரியைத் தமிழில் சொன்னதும் மாடியில் சட்டென்று ஓர் அமைதி. கீழே கால்வாய் நாறிக்கொண்டிருந்தது.

படம் முடிந்ததும் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் கேட்டார்: “அங்க ஒரு ஆளப் புடிச்சு எடுக்காதன்னு சொல்லிட்டாங்க, சரி. நம்ம ஊர்ல யாரு தடுக்கிறாங்க? அவனவன் போன்ல எடுத்து யூடியூப்ல போட்டுனு போறானே?”

நல்ல கேள்வி. அன்று இரவு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கான பதில்தான்.

முதலில் ஈரானையே பார்ப்போம். அங்கே இரண்டு பூட்டுகள். படம் எடுக்க ஓர் அனுமதி; எடுத்த பிறகு காட்ட இன்னோர் அனுமதி. முதல் பூட்டிலேயே கதை படிக்கப்பட்டுவிடும். போதாததற்கு, ஆளையே தடை செய்யும் வழக்கமும் உண்டு. அதனால் அங்கே மீறல் என்பது படம் எடுப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. 2011-இல் வெளிவந்த ‘இது படம் அல்ல’ கிட்டத்தட்ட முழுக்கப் பனாஹியின் வீட்டுக்குள் நடக்கிறது. தன்னால் எடுக்க முடியாமல் போன ஒரு கதையை விளக்குவதற்காக, கூடத்துக் கம்பளத்தில் டேப் ஒட்டி அறை, கதவு, படிக்கட்டு என்று கட்டம் போடுகிறார். நம் தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடக் கரித்துண்டால் கிழிப்பார்களே, அதே மாதிரி. கட்டத்துக்குள் நின்று, இங்கே அந்தப் பெண் படுத்திருப்பாள், இங்கே ஜன்னல் என்று சொல்லிக்கொண்டே வருகிறவர், நடுவில் நின்றுவிடுகிறார். வாயால் சொல்லிவிட முடியுமென்றால் படம் எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்கிறார். நான் பார்த்த படங்களில் ஒரு கலைஞனின் வயிற்றெரிச்சலை இவ்வளவு கிட்டத்தில் காட்டியது வேறு இல்லை. அந்தப் படம் ஒரு பென் டிரைவில் ஏறி நாட்டை விட்டு வெளியேறி, பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னோர் ஈரான் இயக்குநர் முகமது ரசூலோஃப் வேறு வழியில் போனார். ஒரே பெரிய படம் என்றால் கண்ணில் படும். அதனால் நான்கு குறும்படங்கள் போலத் தனித்தனியாக எடுத்து, பிறகு ஒன்றாகக் கோத்தார். மரண தண்டனையை நிறைவேற்றும் கைகளைப் பற்றிய அந்தப் படத்துக்கு 2020-இல் தங்கக் கரடி. 2024-இல் அவருக்கு 8 ஆண்டுச் சிறையும் கசையடியும் விதித்தார்கள். அவர் மலைகளை நடந்தே கடந்து நாட்டை விட்டு வெளியேறி, கான் விழாவுக்கு வந்தார். தன்னோடு வர முடியாமல் போன தன் நடிகர்கள் இருவரின் புகைப்படங்களை அங்கே கையில் ஏந்தி நின்றார். பனாஹிக்கு 2025-இல் அதே கான் விழாவின் தங்கப் பனை கிடைத்தது. அந்தப் படமும் அரசின் அனுமதி வாங்காமல் எடுத்ததுதான்.

இங்கே சட்டம் வேறு மாதிரி. தெருவில் கேமரா வைக்கப் போலீஸ், மாநகராட்சி என்று அலைய வேண்டியிருக்கும். ஆனால் கதையை முன்கூட்டி யாரிடமும் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. 1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டம் பூட்டுப் போடுவது காட்டும் இடத்தில். பொதுமக்களுக்குத் திரையிட வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும்; இல்லாமல் திரையிட்டால் 3 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு, அயல்நாட்டு உறவு, நாகரிகம், அவதூறு என்று சான்றிதழ் மறுக்கக் காரணங்களின் பட்டியலும் அதிலேயே இருக்கிறது. பட்டியல் அகலமானது. அதற்குள் எதை வேண்டுமானாலும் இழுத்து வைத்துவிடலாம்.

ஆக, அண்ணன் கேட்டதற்கு முதல் பதில்: இங்கே எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. எடுத்ததை நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதுதான் சிக்கல். பூட்டு எங்கே தொங்குகிறதோ அங்கேதான் சாவி தேடுவார்கள். ஈரானில் படம் எடுப்பவர்கள் மறைந்து எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். நம் ஊரில் நூறு வருஷமாக மறைத்துக் காட்டக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

நூறு வருஷம் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் 1918-இல் முதல் ஒளிப்பதிவுச் சட்டத்தைப் போட்டான். 1920-இல் பம்பாய், கல்கத்தா, ரங்கூனோடு மதராஸிலும் சென்சார் போர்டு வந்தது. இங்கே அதன் தலைவர் போலீஸ் கமிஷனர். படத்தைப் பார்க்கும் கண் போலீஸ் கண்ணாக இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டார்கள்.

அப்புறம் 1931 அக்டோபர் 31. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ வட சென்னையில்தான் திரைக்கு வந்தது, மின்ட் பக்கம் இருந்த கினிமா சென்ட்ரலில். அதுதான் பிற்பாடு முருகன் டாக்கீஸ் ஆனது. படப்பெட்டி சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து வால்டாக்ஸ் ரோடு வழியாகத் தியேட்டருக்குப் போனபோது ஜனங்கள் பூத்தூவி, தேங்காய் உடைத்துக் கூடவே நடந்தார்கள் என்பது சினிமா வரலாற்றில் எல்லாரும் சொல்வது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சமஸ்கிருதக் கவி காளிதாசன் கதை; ஆனால் அந்தத் திரையிடலில் டி.பி. ராஜலட்சுமி காந்தியின் கைராட்டினத்தைப் புகழ்ந்து பாடுகிறார். கதைக்கும் பாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உப்புச் சத்தியாகிரகம் முடிந்த மறு வருஷம் அது. கொட்டகைக்குள் இருந்தவர்களுக்கு எதற்கு அந்தப் பாட்டு என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தமிழ் சினிமா வாய் திறந்த முதல் நாளே கதைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைத் திரைக்குள் கடத்திக்கொண்டு வந்துவிட்டது. அதுவும் நம்ம மின்ட் தெருப் பக்கம்.

இந்தக் கடத்தலை சினிமா நாடகத்திடமிருந்து கற்றது. நாடகத்துக்கு அதற்கும் முன்பே, 1876-இலேயே சட்டம் வந்துவிட்டது. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை விரட்டுவாள். அந்த இடத்தில் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ பாட்டை விசுவநாததாஸ் பாடுவார். கொக்கு வெள்ளை, எந்த வெள்ளை என்று கூட்டத்துக்குத் தெரியும். வேலன் வேஷத்தில் இருப்பவரைக் கைது செய்ய போலீஸ் காத்துக்கொண்டிருக்கும். பல முறை சிறை போன அந்த மனிதர் 1940-இல் இதே சென்னையில், முருகன் வேஷத்தில், மேடையிலேயே உயிரை விட்டார்.

மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் இருப்பார். படத்தை வெட்டலாம், எழுத்தட்டையை வெட்டலாம். அவர் வாயை முந்தின நாளே போய் வெட்டிவிட்டு வர முடியாது. வியாசர்பாடி மாடியில் மைக் பிடித்திருந்த தம்பியைப் பார்த்தபோது எனக்கு அந்த ஆள்தான் நினைவுக்கு வந்தார்.

1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை வந்ததும் சென்சாரின் பிடி தளர்ந்தது. அந்த இடைவெளியில்தான் கே. சுப்பிரமணியம் ‘தியாகபூமி’யை எடுத்தார். 1939-இல் வெளிவந்தது. தீண்டாமைக்கு எதிரான கதை, காந்தி நூல் நூற்கும் நிஜக் காட்சி, டி.கே. பட்டம்மாள் குரலில் தேச சேவைக்கு அழைக்கும் பாட்டு எல்லாம் அதில் உண்டு. அதே வருஷம் அக்டோபரில் மந்திரிசபை விலகியது. 1940-இல் படத்துக்குத் தடை வந்தது. ஆணை கைக்கு வந்து சேரும்வரை கெயிட்டி தியேட்டரில் காசு வாங்காமல் காட்டினார்கள். சான்றிதழ் பெற்று ஓடிக்கொண்டிருந்த படம்தான் அது. அதில் ஒரு பிரேம்கூட மாறவில்லை. நாற்காலியில் ஆள் மாறினார், படம் குற்றமாகிவிட்டது. சென்சார் என்பது ஏதோ ரசனை சம்பந்தப்பட்ட விவகாரம் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு படத்தை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

சுதந்திரம் வந்தது, பூட்டு மட்டும் மாறவில்லை. 1954-இல் மதராஸ் மாநிலம் புதிதாக ஒரு நாடகச் சட்டமே போட்டது. எம்.ஆர். ராதாவை மனதில் வைத்துப் போட்டது என்பது ஊரறிந்த விஷயம். நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல்தான் அதைச் செல்லாது என்றது. நாடகத்துக்கு அப்படி ஒரு விடுதலை கிடைத்தது. சினிமாவுக்குக் கிடைக்கவில்லை. ஏன்?

காரணம் 1970-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கே.ஏ. அப்பாஸ் நான்கு நகரங்களைப் பற்றி ஒரு குறும் ஆவணப்படம் எடுத்தார். பம்பாயின் சிவப்பு விளக்குத் தெருக் காட்சிகளை நீக்கச் சொன்னார்கள். பத்திரிகைக்கு முன்தணிக்கை இல்லாதபோது படத்துக்கு மட்டும் ஏன் என்று அவர் கேட்டார். நீதிமன்றம் சொன்ன பதில்: மற்றக் கலைகளைவிட சினிமா மனிதனை ஆழமாக அசைக்கும், ஆகவே அதைத் தனியாக நடத்தலாம். சினிமாவுக்கு இதைவிடப் பெரிய பாராட்டும் கிடையாது, பெரிய தண்டனையும் கிடையாது. இன்றுவரை நம் தலைக்கு மேல் இருக்கும் தீர்ப்பு அதுதான்.

எமர்ஜென்சியில் இது எங்கே போய் முடிந்தது என்பதற்கு ஆட்சியைக் கிண்டல் செய்த ‘கிஸ்ஸா குர்ஸி கா’ என்ற இந்திப் படம் சாட்சி. அதன் பிரிண்டுகளையும் நெகடிவையும் கைப்பற்றிக் கொண்டுபோய், குர்காவ்னில் மாருதி தொழிற்சாலையில் எரித்தார்கள். இயக்குநர் அம்ரித் நஹாத்தா மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார். அந்த நாட்களை வட சென்னை எப்படிப் பட்டது என்பதைத் திரையில் பார்க்க நமக்கு 2021 வரை ஆனது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும், குத்துச்சண்டை நடந்துகொண்டிருக்கும் இடத்திலேயே ரங்கன் வாத்தியாரைக் கைது செய்யும் காட்சி ‘சார்பட்டா பரம்பரை’யில் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பெரியவர்கள் மூன்று நாள் வேறு எதையும் பேசவில்லை. அன்று பேசாமல் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது.

இப்போது நான் கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம்.

நம்மைப் போன்றவர்கள் இன்று மாடியில் படம் காட்டும்போது துணைக்கு இருக்கும் மிகப் பெரிய தீர்ப்பு, 1989 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. அதை வாங்கிக் கொடுத்தது ஒரு தமிழ்ப் படம்: ‘ஒரே ஒரு கிராமத்திலே’. ஒரு பிராமணப் பெண் பட்டியல் சாதிப் பெண் என்று பொய்ச் சான்றிதழ் வாங்கிப் படித்து அதிகாரியாகிறாள். சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு தவறு என்பதுதான் படத்தின் வாதம். இந்தப் பக்கம் வளர்ந்த யாருக்கும் அந்த வாதம் கசக்கும், எனக்கும் கசக்கிறது. இங்கே ஒவ்வொரு தெருவிலும் அம்பேத்கர் படம் இருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளை ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. அந்தப் படத்துக்கு எதிராக வழக்குப் போட்டவர்களின் கோபம் எனக்கு அந்நியம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் படத்தின் யு சான்றிதழை ரத்து செய்தது.

உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. படம் ஓடினால் கலவரம் வரும் என்று அரசு சொன்னதற்கு நீதிமன்றம் சொன்ன பதிலின் சாரம் இது: ஊர்வலம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்க முடியாது, எதிர்க்கும் கூட்டத்தைச் சமாளிப்பது அரசின் கடமை, முடியவில்லை என்று கையை விரிக்கக் கூடாது. ஆபத்து என்று சொன்னால் அது வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி மாதிரி நேரடியாக இருக்க வேண்டும். எங்கோ தூரத்தில் ஊகமாக இருந்தால் போதாது.

நாலு பேர் எதிர்க்கிறார்கள், ஆகவே நிறுத்து என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எல்லாத் தரப்பு வழக்கறிஞர்களும் தூக்கிக் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். எனக்குப் பிடிக்காத படம் வாங்கிக் கொடுத்த குடையின் கீழ்தான் எனக்குப் பிடித்த படங்களும் நிற்கின்றன. இதை ஏற்க எனக்குப் பல வருஷம் ஆனது. இப்போது ஏற்கிறேன். அந்தப் படத்தை மறுத்து எழுதலாம், பேசலாம், எதிர்ப் படம் எடுக்கலாம். பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்ல மாட்டேன்.

சரி, தீர்ப்பு இருக்கிறதே, அப்புறம் என்ன பிரச்சினை? பிரச்சினை, தடை இப்போது முன்வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. 2013-இல் ‘விஸ்வரூபம்’ சான்றிதழ் வாங்கிய படம். தமிழ்நாடு முழுக்க 144 போட்டு இரண்டு வாரம் நிறுத்தினார்கள். சில காட்சிகளைக் குறைக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் இங்கே வெளியானது. பெரிய நடிகருக்கே இந்த நிலை. சின்ன ஆவணப்படம் என்றால் 144 எல்லாம் தேவையே இல்லை. ஹால்காரருக்கு ஒரு போன் போதும். ஒரு முறை நாங்கள் முன்பணம் கொடுத்திருந்த கல்யாண மண்டபத்தில், திரையிடலுக்கு மூன்று மணி நேரம் முன்னால் கரண்ட் வேலை நடக்கிறது என்று ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பக்கத்துக் கடையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தவரின் கண் எங்களைப் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு அந்த மண்டபம்தான் பிழைப்பு.

சான்றிதழ் மறுக்கப்பட்டால் போய் முறையிட முன்பு ஒரு தீர்ப்பாயம் இருந்தது. தனுஷ்கோடி மீனவர்களையும் ஈழ அகதிகளையும் பற்றி லீனா மணிமேகலை எடுத்த ‘செங்கடல்’ படத்துக்குச் சான்றிதழ் இல்லை என்றார்கள். 2011-இல் அந்தத் தீர்ப்பாயம்தான் ஒரு வெட்டும் இல்லாமல் அதை விடுவித்தது. 2021 ஏப்ரலில் தீர்ப்பாயத்தையே கலைத்துவிட்டார்கள். இப்போது மறுபரிசீலனைக் குழுவும் கைவிட்டால் நேராக உயர் நீதிமன்றம்தான். வெற்றிமாறன் தயாரித்து கோபி நயினார் இயக்கிய ‘மனுசி’ 2025-இல் அங்கேதான் போய் நின்றது. வெற்றிமாறனால் போக முடிகிறது. கேமராவையே வாடகைக்கு எடுத்துப் படம் பிடித்தவன் வழக்கறிஞர் பீஸுக்கு எங்கே போவான்? இந்தியாவில் இன்றைக்குச் சின்னப் படங்களைக் கொல்வது தடையைவிடத் தாமதமும் செலவும்தான் என்று நான் நினைக்கிறேன். தடை என்றால் குறைந்தபட்சம் செய்தியாவது வரும்.

வெட்டின் தடயமும் போய்விட்டது. என் மாமா தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார். படம் தொடங்கும்போது சான்றிதழ் தெரியுமே, அதன் கீழே இடது மூலையில் முக்கோணம் இருந்தால் வெட்டு வாங்கிய படம் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ரீலை வெட்டி ஒட்டிய இடத்தில் படம் ஒரு குதி குதிக்கும். பேச்சு பாதியில் முறியும். தரை டிக்கெட்டில் உடனே விசில். “கட் பண்ட்டாங்கடா” என்று கத்துவார்கள். என்ன போயிருக்கும் என்று இடைவேளை முழுக்க ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். டிஜிட்டலில் அந்தக் குதிப்பு இல்லை. வார்த்தைக்கு மியூட், முகத்துக்கு ப்ளர். பல நேரம் அதுவும் இல்லாமல், எடுக்கும்போதே “இது நிக்காது சார்” என்று எழுதினவரே அடித்துவிடுகிறார்.

அண்ணன் சொன்ன யூடியூப்பும் திறந்த மைதானம் இல்லை. மலக்குழி மரணங்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தைப் பல ஊர்களில் திரையிடப் போலீஸ் அனுமதிக்கவில்லை. 2017-இல் அதை யூடியூப்பில் ஏற்றினார்கள். ஹால் கிடைத்திருந்தால் பார்த்திருக்கக்கூடியவர்களைவிடப் பல மடங்கு பேர் பார்த்தார்கள். அது ஒரு பக்கம். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளைக் கொண்டு 2023 ஜனவரியில் பி.பி.சி.யின் ஓர் ஆவணப்படத்தின் இணைப்புகளை முடக்கினார்களே, அது இன்னொரு பக்கம். கொட்டகையைப் பூட்ட ஆள் அனுப்ப வேண்டும். இணைப்பை முடக்க ஓர் ஆணை போதும்.

எங்கள் ஊருக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து 1918-இல் தொடங்கியதுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம். நாட்டின் முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது. மில் மூடிய பிறகு அந்த இடம் வருஷக்கணக்கில் ஷூட்டிங் இடமாக ஓடியது. சங்கம் கட்டியவர்கள் நடந்த தரையில் வில்லனின் ஆட்கள் அரிவாளோடு பறந்து விழுந்தார்கள். சங்கத்தின் கதையை யாரும் தடை செய்யவில்லை. எனக்குத் தெரிந்து யாரும் எடுக்கவே இல்லை. இதுவும் ஒருவகைத் தணிக்கைதான். அதற்குப் போர்டு தேவையில்லை.

எண்ணூர்க் கழிமுகத்தைச் சாம்பல் மூடிக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான் இருந்தது, 2017-இல் ‘சென்னை புறம்போக்கு பாடல்’ வரும்வரை. கபேர் வாசுகி நம்ம சென்னைத் தமிழில் எழுதியதை டி.எம். கிருஷ்ணா கர்நாடக ராகங்களில், முகமூடியோடு அந்தச் சாம்பல் மேட்டிலேயே நின்று பாடினார். தியேட்டர் இல்லை, சான்றிதழ் இல்லை. போன் வைத்திருந்த எல்லாரிடமும் போய்ச் சேர்ந்தது. என் அத்தை எண்ணூரில்தான் இருக்கிறார். “நம்ம ஆத்தப் பத்திக்கூட பாட்டு வருமா?” என்று திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2018-இல் ‘வட சென்னை’ வந்தபோது சில காட்சிகள் தங்களைக் கேவலப்படுத்துவதாக மீனவ மக்கள் சொன்னார்கள். வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்துக் காட்சியைக் குறைத்தார். அதையும் தணிக்கை என்று நண்பர்கள் சிலர் என்னிடம் வாதாடினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டப்பட்டவர்கள் காட்டியவரிடம் பேசினார்கள், அவர் காது கொடுத்தார், படம் ஓடியது. யாரும் எதையும் பார்க்க முடியாதபடி ஆகவில்லை. எங்களைப் பற்றி நாங்கள் கேள்வி கேட்பதும், யாரும் பார்க்கவே கூடாது என்று அதிகாரம் சொல்வதும் ஒன்றல்ல.

போன வருஷம் நாங்களே ஒரு படம் எடுத்தோம். கொருக்குப்பேட்டையில் சாக்கடை அடைப்பு எடுக்கும் ஒரு தொழிலாளியின் ஒரு நாள், 22 நிமிஷம். மேன்ஹோல் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்ததும் அவர் உடனே கிட்டே போக மாட்டார். ஒரு பீடி நேரம் தள்ளி நிற்பார். “வாயு போவட்டும்” என்பார். அந்தக் காத்திருப்பை வெட்டாமல் அப்படியே வைத்தோம், மூன்று நிமிஷம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். அவர் இறங்குவது வெளியே தெரிந்தால் கான்ட்ராக்டர் வேலையை விட்டு நிறுத்திவிடுவார். அதனால் முகம் வேண்டாம், பெயர் வேண்டாம் என்றார். கையும் குரலும் மட்டும்தான் படத்தில் இருக்கின்றன.

கடைசியில் பெயர்ப்பட்டியல் போடும்போது தயங்கினோம். ‘டாக்ஸி’ படத்தின் முடிவில் யார் பெயரும் வராது. வெளியிடத் தக்க படங்களின் பெயர்ப்பட்டியலுக்குத்தான் அங்கே அரசின் ஒப்புதல், ஆகவே பெயர் போட முடியவில்லை, உதவிய எல்லாருக்கும் நன்றி என்று மட்டும் எழுத்து வரும். நாங்கள் எங்கள் பெயர்களைப் போட்டோம். அவர் பெயர் வர வேண்டிய இடத்தில் நான்கு நொடி கறுப்புத் திரை விட்டோம்.

அதே மாடி, அதே பெட்ஷீட். செங்கல் மட்டும் வேறு. அவர் வரவில்லை, வேலை இருந்தது. மனைவி வந்திருந்தார். படம் முழுக்க ஒன்றும் பேசவில்லை. அந்தக் கறுப்பு நான்கு நொடியில், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெதுவாக அவர் பெயரைச் சொன்னார்.